வந்து போவது யார்?

ஒரு நிலத்தைக் காட்டி, "இங்கே யாரும் இல்லை" என்று எப்போது சொல்லலாம்?

எளிய கேள்விதான். ஆனால் இந்த எளிய கேள்விக்குத் தவறான விடையை எழுதி வைத்துக்கொண்டுதான் உலகில் எத்தனையோ நிலங்கள் கைமாறின; காடுகள் வீழ்ந்தன; ஆறுகள் விலை பேசப்பட்டன. "இங்கே யாரும் இல்லை" என்பது ஏட்டின் முதல் வரி. "ஆகவே இது நமக்கு" என்பது இரண்டாம் வரி. முதல் வரி மெய்யா, பொய்யா என்று கேட்பாரின்றி இரண்டாம் வரி சட்டமாகிவிடும்.

கோடை விடுமுறையில் ஒருவன் ஊருக்கு வருகிறான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கிறான். பெஞ்சுகள் இருக்கின்றன, பிள்ளைகள் இல்லை. கரும்பலகை இருக்கிறது, எழுத்து இல்லை. மணி தொங்குகிறது, அடிப்பார் இல்லை. "பயன்படாத கட்டடம், இடித்துவிட்டுக் கிடங்கு கட்டலாம்" என்று குறித்துக்கொண்டு போகிறான். அவன் பொய் எழுதவில்லை, கண்டதைத்தான் எழுதினான். ஆனால், கோடைக்குப் பிறகு ஜூன் என்றொரு மாதம் வரும் என்பதை மறந்து எழுதினான். கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் நம்பிவிடாதே, தீர விசாரிப்பதே மெய் என்று நம் பழமொழி எச்சரிப்பது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

இத்தகைய கோடை விடுமுறைக் கணக்கால் ஓர் ஆற்று நாட்டின் வாழ்வே ஆட்டம் காண இருந்தது. அதைக் கூறி, அதன்மூலம் ஓர் அறநெறிக் கேள்வியை நம் இளைஞர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கோடியில் இருப்பது அலாஸ்கா. 1867-ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசிடமிருந்து 72 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க அரசு அதை வாங்கிற்று. விற்ற மன்னர் அங்கே வாழவில்லை. வாங்கிய அரசும் அங்கே வாழவில்லை. வாழ்ந்துகொண்டிருந்த மக்களையோ எவரும் கேட்கவில்லை! ஆடு விற்பவன்கூட ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து காட்டுவான்; அந்த மரியாதைகூட அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் விரிகுடா இருக்கிறது. அதில் வந்து கலக்கும் ஆறுகளில் நுஷகாக், க்விஜாக் என்னும் இரண்டும் பெரியவை. குளிர்காலத்தில் அந்த ஆறுகளின் தலைப்பகுதிக்கு ஒருவன் போனால் என்ன காண்பான்? பனி, உறைந்த ஓடை, மரமற்ற மேட்டு நிலம். "யாரும் இல்லை" என்று எழுதத் தோன்றும். ஆனால், அவன் காலடியில், பனிக்கட்டிக்குக் கீழே ஓடும் நீருக்கும் கீழே, கூழாங்கற்களின் இடுக்கில், கோடிக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன. சென்ற கோடையில் தாய் மீன்கள் வாலால் கல்லைப் பறித்துக் குழியிட்டு, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போன முட்டைகள். அவை சால்மன் என்னும் மீனின் முட்டைகள்.

வசந்தம் வந்ததும் குஞ்சுகள் கல்லிடுக்கிலிருந்து எழும். அவற்றுள் 'சாக்கை' என்னும் வகை ஓராண்டோ ஈராண்டோ ஏரியில் வளர்ந்து, பின்னர்க் கடலுக்கு இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் பெருங்கடலில் திரிந்து, உடல் பெருத்து, பிறகு ஒரு கோடையில் பிறந்த ஆற்றை நோக்கித் திரும்பும். ஜூன் இறுதியிலும் ஜூலையிலும், சில வாரங்களுக்குள், அந்த ஆறுகளின் வாயில் மீன் வெள்ளமே புகும். 2022-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் விரிகுடாவுக்குத் திரும்பிய சாக்கை சால்மன்கள் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம்! உலகிலுள்ள சாக்கை சால்மன்களில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு இந்த ஒரு விரிகுடாவைச் சேர்ந்தது.

ஏறி வந்த மீன் முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. மடிந்ததும் கணக்கு முடிகிறதா? இல்லை. கரடி அதைக் கவ்விக்கொண்டு கரையேறுகிறது. பாதி தின்று, மீதியைக் காட்டில் போடுகிறது. கழுகும் கடற்காகமும் பங்கு பெறுகின்றன. எஞ்சியது மண்ணில் மக்கி உரமாகிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆற்றங்கரை மரங்களின் இலையிலே ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். கடலுக்கும் காட்டுக்கும் இடையே சுமைகூலி கேட்காத சுமைதூக்கியாக அந்த மீன் இருக்கிறது.

யூபிக், டெனாயினா முதலிய பழங்குடி மக்கள் குறைந்தது 4,000 ஆண்டுகளாக இந்த மீனை நம்பி அங்கே வாழ்கின்றனர். கோடையில் பிடித்து, உலர்த்தி, புகையூட்டி, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கின்றனர். 1884 முதல் அங்கே வணிக மீன்பிடிப்பும் நடக்கிறது. அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 15,000 வேலைகள் இந்த மீனால் கிடைப்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர்.

பெருங்கடலில் ஆயிரக்கணக்கான மைல் அலைந்த மீன், தான் பிறந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"எல்லாம் அவன் செயல்" என்று கைகூப்பி, அத்துடன் கேள்வியை மூடிவிடுவது ஒரு முறை. 1950-களில் ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அறிஞரும் அவருடைய தோழர் வாரன் விஸ்பியும் வேறொரு முறையை மேற்கொண்டனர். வாஷிங்டன் மாநிலத்து இசாக்குவா ஆறு இரு கிளையாகப் பிரிகிறது. இரு கிளைகளிலும் ஏறிவிட்ட சால்மன்களைப் பிடித்தனர். ஒரு பகுதி மீன்களின் மூக்கை அடைத்தனர். மற்றவற்றை அப்படியே விட்டனர். எல்லாவற்றையும் கிளை பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டனர். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தத்தம் கிளைக்கே திரும்பின. மூக்கு அடைபட்டவை வழி தடுமாறின. மறைபொருள் ஏதுமில்லை, மோப்பந்தான்! ஒவ்வோர் ஓடையின் மண்ணும் செடியும் கல்லும் நீருக்கு ஒரு மணம் தருகின்றன. குஞ்சாக இருந்தபோது முகர்ந்த அந்த மணத்தை மீன் மறப்பதில்லை.

இந்த உண்மை அறிந்ததனால் வியப்பு குறைந்ததா? கூடிற்று. அதோடு, கைகூப்பி நின்றவர்க்குக் கிட்டாத வேறொன்றும் நமக்குக் கிட்டிற்று: இந்த மீனுக்கு எது பகை என்னும் அறிவு. மோப்பத்தால் வாழும் உயிருக்கு மோப்பத்தைக் கெடுப்பது எதுவோ அதுவே பகை. ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இரண்டு மூன்று பங்கு செம்பு கூடுதலாகக் கரைந்தாலே, இளஞ்சால்மனின் மோப்பம் மங்குகிறது என்று சோதனைச் சாலைகளில் கண்டுள்ளனர்.

அந்தச் செம்புதான் அங்கே புதைந்து கிடக்கிறது.

நுஷகாக்குக்கு நீர் தரும் ஓடைகளும் க்விஜாக்குக்கு நீர் தரும் ஓடையும் பிறக்கும் மேட்டு நிலத்தில், செம்பும் பொன்னும் மாலிப்டினமும் கலந்த பெரும் பாறைத் திரளை 1980-களின் இறுதியில் கண்டுபிடித்தனர். அதற்கு இட்ட பெயர் 'பெப்பிள்'. தமிழில் சொன்னால் கூழாங்கல்! மீன் முட்டையிடும் கூழாங்கல்லின் பெயரையே, அந்த முட்டைக்கு எமனாகக்கூடிய சுரங்கத்துக்கும் வைத்தனர்.

அந்தப் பாறையில் நூறு பங்குக்கு ஒரு பங்குகூடச் செம்பு இல்லை. ஆகவே, வெட்டி அரைப்பதில் ஏறக்குறைய அனைத்துமே கழிவு. கந்தகம் கலந்த பாறையை உடைத்துக் காற்றும் நீரும் பட விட்டால் அமிலம் ஊறும். அமிலம் செம்பைக் கரைக்கும். அந்தக் கழிவுச் சேற்றை அணைகட்டித் தேக்கி வைக்க வேண்டும். எத்தனை நாள்? சுரங்கம் இருக்கும் வரையில் அல்ல. சுரங்கம் மூடிய பிறகும், வெட்டியவரும் பங்குதாரரும் போய்ச் சேர்ந்த பிறகும். அப்படிக் கட்டிய அணை உடையாதா? 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள், பக்கத்துக் கனடாவில் மவுண்ட் பாலி என்னும் செம்புச் சுரங்கத்தின் கழிவணை உடைந்தது. கோடிக்கணக்கான கன அடிச் சேறும் கழிவுநீரும் ஓர் ஓடையை வாரிச் சுருட்டிக்கொண்டு போய், சாக்கை சால்மன் வாழும் க்வெஸ்னல் ஏரியில் கலந்தன.

2010-இல் ஆறு பழங்குடிகள் நடுவணரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனத்துக்கு மனுக் கொடுத்தனர். சுரங்கம் வைக்க விரும்பியோர் 2017-இல் அனுமதி கேட்டனர். 2020 ஜூலையில் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை வெளியிட்ட அறிக்கை, மீனின் எண்ணிக்கையில் அளக்கத்தக்க மாற்றம் இராது என்றது. அதே படையே அவ்வாண்டு நவம்பரில், பொதுநலனுக்கு ஒவ்வாதென்று அனுமதியை மறுத்தது. 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் அந்த ஓடைகளில் சுரங்கக் கழிவைக் கொட்டத் தடை விதித்தது. 2024-இல் அந்தத் தடையை எதிர்த்து அலாஸ்கா மாநில அரசும் சுரங்கத் தரப்பும் நீதிமன்றம் ஏறின.

வழக்கின் போக்கை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வர். நாம் பார்க்க வேண்டியது அந்தத் தடை ஆணையில் உள்ள இரண்டு எண்கள். திட்டத்தால் அழியக்கூடிய ஓடைகளில், சால்மன் போன்று கடலிலிருந்து ஏறிவரும் மீன்கள் இருப்பதாகப் பதிவான நீளம் எட்டரை மைல். அவ்வாறு பதிவாகாத, ஆனால் அவற்றுக்கு நீர் ஊட்டும் ஓடைகளின் நீளம் 91 மைல். "எட்டரை மைல்தானே! இத்தனை பெரிய நாட்டில் எட்டரை மைல் போனால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கோடை விடுமுறைக் கணக்கு தலைகாட்டுகிறது. அந்த 91 மைல் ஓடைகள் மீனைக் காட்டவில்லை. மீனுக்கு வேண்டிய குளிர்ந்த நீரைத் தருகின்றன, பூச்சியைத் தருகின்றன, மணத்தைத் தருகின்றன. மாணவன் உட்காரவில்லை என்பதற்காகச் சமையற்கூடத்தைப் பள்ளியின் பகுதி அல்ல என்பார் உண்டா?

இன்னொரு சான்றும் உண்டு. மீனின் காதுக்குள் ஒரு சிறு கல் இருக்கிறது. மரத்தில் வளையம் விழுவதுபோல் அதில் அடுக்கு விழும். அது நீந்திய நீரின் பாறைத் தன்மை அந்த அடுக்கில் பதியும். நுஷகாக் ஆற்றுச் சால்மன்களின் காதுக்கல்லை ஆராய்ந்து, எந்த மீன் எந்தக் கிளையில் பிறந்து வளர்ந்தது என்று கண்டு, 2019-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கண்டது என்ன? மீனை மிகுதியாக ஈனும் கிளை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஓராண்டு இந்த ஓடை தாய்மடி. மற்றோராண்டு அந்த ஓடை. இன்று வெறுமையாகத் தோன்றும் ஓடை, வெயிலோ வெள்ளமோ முறை மாறும் ஆண்டில் ஆற்றையே காக்கும் ஓடையாகலாம். ஒரே ஓர் ஆண்டு அளந்துவிட்டு, "இது வேண்டாத ஓடை" என்று கோடு கிழிப்பவன், ஒரே ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடும் ஆசிரியனுக்கு ஒப்பானவன்.

இனி, அறநெறிக் கேள்விக்கு வருவோம்.

"மனிதன் முதலா, மீன் முதலா? உயிர்களெல்லாம் மனிதனுக்காகத்தானே இருக்கின்றன?" என்று கேட்பார் உண்டு. ஆத்திகர் கேட்டால் அதில் ஒரு பொருத்தம் உண்டு. உலகைப் படைத்தவன் ஒருவன். அவன் மனிதனைத் தலைவனாக்கி மற்றவற்றை அவன் கையில் கொடுத்தான் என்பது அவர் நம்பிக்கை. பட்டா வழங்கியவன் மேலே இருக்கிறான் என்கிறார் அவர். ஆனால், பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்வோரும் அதே வாதத்தைப் பேசும்போதுதான் நமக்கு வியப்பு மேலிடுகிறது. படைத்தவன் இல்லை என்று மறுத்துவிட்டு, அவன் கொடுத்ததாகச் சொல்லும் பட்டாவை மட்டும் மடியில் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? கொடுத்தவன் இல்லையென்றால் கொடையும் இல்லை! 1859-இல் டார்வின் தம் நூலை வெளியிட்ட நாளிலிருந்து, மனிதனும் உயிர்க் குடும்பத்தில் ஒருவன் என்பது அறிவுலகம் கண்ட உண்மை. பிறப்பால் தலைவன் என்று எவனும் இல்லை என்போர், பிறப்பால் தலையான உயிர் என்று ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாமா?

அப்படியானால் மீனும் மனிதனும் சமமா? மீனுக்கு வாக்குரிமை கேட்கிறோமா? இல்லை. மனிதனிடம் உள்ள ஒன்று மீனிடம் இல்லை. நாளையை எண்ணிக் கணக்குப் போடும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. அந்த ஆற்றல் ஆள்வதற்கான உரிமைச் சீட்டு அல்ல, பொறுப்பேற்பதற்கான அழைப்பு. கரடி கணக்குப் போடாது. ஆகவே கரடியைக் குற்றம் சொல்வதில்லை. கணக்குப் போடத் தெரிந்தும் பாதிக் கணக்கோடு நிறுத்துபவனைத்தான் குற்றம் சொல்கிறோம்.

"சரி, ஆறுகளைப் புனிதம் என்று சொல்லிக் காப்பாற்றலாமே?" என்பார் சிலர். சொல்லிப் பார்த்த நாடு நம் நாடு. ஆற்றைத் தாய் என்றோம். தாயின் மடியில் சாக்கடையைத் திறந்துவிட்டோம். புனிதம் என்று சொன்ன பொருளைக் கெடுக்க முடியாதென்று நம்பினோம், நம்பியதனாலேயே கெடுத்தோம். கும்பிடு ஆற்றைக் காப்பதில்லை. மூக்கை அடைத்துப் பார்த்தவரும் காதுக்கல்லை அறுத்துப் பார்த்தவரும் தந்த அறிவுதான், அந்த அலாஸ்கா மக்களின் உறுதியோடு சேர்ந்து, ஆற்றின் பக்கம் நின்று சான்று கூறிற்று.

இனி எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தைக் கேட்போம். அதை மறைப்பது நமக்கு அழகல்ல. "செம்பு இல்லாமல் மின்கம்பி ஏது? மின்சாரம் இல்லாமல் ஏழை வீட்டில் விளக்கு ஏது? சுரங்கம் வேண்டாம் என்பது பழமைக்குத் திரும்பும் பேச்சல்லவா?" என்கின்றனர். அவ்வூர்களிலேயே வேலையை எண்ணிச் சுரங்கத்தை ஆதரித்தவர்களும் உண்டு. அவர்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வயிற்றுப்பாடு அறநெறிக்கு வெளியே நிற்கும் பொருள் அல்ல.

நாம் சுரங்கத்தின் பகைவர் அல்லர். மின்விளக்கின் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டு செம்பைச் சபிப்பது போலித்தனம். வேறெங்காவது வெட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லித் தப்பவும் முடியாது; அந்த 'வேறெங்காவது' ஓர் ஊர், அங்கும் ஓர் ஆறு இருக்கும். ஆகவே, வெட்டுவதா வேண்டாமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதை விட்டு, இழந்தால் மீளாதது எது என்று இடந்தோறும் கேட்க வேண்டும். செம்பை உருக்கலாம், மீண்டும் உருக்கலாம்; பழைய கம்பி புதிய கம்பியாகும்; அதன் தன்மை குன்றாது. ஆனால், ஓர் ஓடையின் மணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மீனினம் அற்றுப்போனால், எந்த உலையில் அதை வார்த்தெடுப்பது? திரும்பப் பெறக்கூடியதற்காகத் திரும்பப் பெறவே முடியாததைக் கொடுப்பது வணிகத்திலும் அறிவுடைமை ஆகாது, அறத்திலும் ஆகாது.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். "மீன் சில வாரங்கள் வந்து போகிறது; சுரங்கமோ நிலையான வளம்" என்று பேசுகின்றனரே, உண்மையில் வந்து போவது யார்? அனுமதி கேட்ட திட்டப்படி சுரங்கம் வெட்ட இருந்த காலம் 20 ஆண்டுகள். 20 ஆண்டுகள் வெட்டி, எடுத்து, விற்று, போய்விடுவார்கள். கழிவு மட்டும் போகாது. மீனோ, வரலாறு எழுதப்படுமுன்பிருந்தே ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. 4,000 ஆண்டுகளாகத் தவறாமல் வருபவனை விருந்தாளி என்றும், 20 ஆண்டில் மூட்டை கட்டுபவனை வீட்டுக்காரன் என்றும் எழுதும் ஏடு எப்படிப்பட்ட ஏடு!

இந்த ஏமாற்று மீனோடு நிற்பதில்லை. பருவத்துக்கு ஆட்டு மந்தையோடு வந்து போகும் இடையர், அறுவடைக்கு வந்து போகும் கூலியாள், இன்னும் பிறக்காத பிள்ளை ஆகிய இவர்களும் கணக்கெடுக்கும் நாளில் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாதவர்க்கு உரிமை இல்லை என்று மீனிடம் ஒப்புக்கொண்டால், நாளை மனிதனிடமும் ஒப்புக்கொள்ள நேரும். 1867-இல் அலாஸ்கா மக்களைக் கேட்காமல் அலாஸ்காவை விற்றதும் அந்தக் கணக்குதான்.

எனவே, இளந்தோழர்களே! ஓர் ஆற்றங்கரையைக் காட்டி, "இங்கே யாரும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று எவரேனும் அறிக்கை நீட்டினால், கோபப்படாதீர்கள், கும்பிடவும் செய்யாதீர்கள். அறிக்கையை வாங்குங்கள், முதற்பக்கம் முதல் படியுங்கள், பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள்?"